வலி தணிக்கும் மருந்தும் செவிலியர் கடமையும்

நோயைத் தணிக்கும் மருந்து எதுவாயினும், அது வேண்டிய பயனை மட்டும் தந்துவிட்டு ஒதுங்கி நிற்பதில்லை. உடலின் ஓரிடத்தில் செயற்படுவதற்கென உட்கொள்ளப்படும் மருந்து குருதியோடு கலந்து உடலெங்கும் செல்கிறது. சென்ற இடங்களிலெல்லாம் தன் குணத்தைக் காட்டுகிறது. எதிர்பார்த்த பயனுக்குப் புறம்பாக இவ்வாறு நிகழும் மாற்றங்களே பக்க விளைவுகள் எனப்படுகின்றன. மருந்தைத் தேர்ந்து எழுதித் தருபவர் மருத்துவர். அதனை உட்கொள்பவர் நோயாளி. இவ்விருவருக்கும் இடையே நின்று, மருந்து உடலில் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதை நாள்தோறும் கண்டறிந்து சொல்லும் பொறுப்பு செவிலியருடையதாகும்.

இப்பொறுப்பின் அருமையை அறிவதற்குக் கேரளத் தலைநகரான திருவனந்தபுரம் சிறந்த எடுத்துக்காட்டாக அமைகிறது. அந்நகரின் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் 1981ஆம் ஆண்டு மண்டலப் புற்றுநோய் மையம் நிறுவப்பட்டது. கேரளத்தின் பல பகுதிகளிலிருந்தும், எல்லைக்கு இப்பாலுள்ள கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்தும் நோயாளிகள் அங்கு வருகின்றனர். முற்றிய நிலையில் வருவோரில் பெரும்பாலோரை வாட்டுவது வலி. அவ்வலிக்கு உரிய முதன்மையான மருந்து மார்ஃபின். அதனை வீட்டிலேயே வைத்து உட்கொள்ளும் நோயாளிக்கு மலச்சிக்கலோ குமட்டலோ ஏற்பட்டு, அதனைக் கவனிப்பார் இல்லையெனில், அவர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார். மாத்திரை நின்றால் வலி திரும்பிவிடுகிறது. ஆகவே பக்க விளைவைக் கவனிப்பது வலி நிவாரணத்தையே காப்பதாகும்.

மருந்தும் சட்டமும்

கசகசாச் செடியின் காயைக் கீறி எடுக்கும் பாலிலிருந்து அபின் கிடைக்கிறது. அபினிலிருந்து மார்ஃபினை முதன்முதலில் பிரித்தெடுத்தவர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த செர்ட்யூர்னர் என்னும் ஜெர்மானிய மருந்தாளர். மருத்துவப் பயனுக்காக அரசின் உரிமத்துடன் அபின் விளைவிக்கும் நாடுகளுள் இந்தியா முக்கியமானது. மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் இப்பயிர் விளைகிறது. காஜிப்பூரிலும் நீமச்சிலும் அரசின் அபின் ஆலைகள் உள்ளன. உலகின் வலி தீர்க்கும் மருந்துக்கு மூலப்பொருள் வழங்கும் நாட்டில், வலியால் துடிக்கும் ஏழைக்கு அம்மருந்து எட்டாக் கனியாக இருந்துவந்தது என்பது வருந்தத்தக்க முரண்பாடாகும்.

இதற்கு ஒரு முக்கியக் காரணம் 1985ஆம் ஆண்டின் போதைப் பொருள்கள் மற்றும் உளவெறியூட்டும் பொருள்கள் சட்டம். போதைப் பொருள் கடத்தலை ஒடுக்குவதே அச்சட்டத்தின் நோக்கம். ஆயினும் மார்ஃபினை இருப்பு வைக்க விரும்பிய மருத்துவமனைகள் பல துறைகளிலிருந்து பல உரிமங்களைப் பெற வேண்டியிருந்தது. அவை அனைத்தும் ஒரே காலத்தில் செல்லத்தக்கனவாக இருத்தலும் வேண்டும். ஒன்று கைக்கு வருமுன் மற்றொன்று காலாவதியாகிவிடும். எழுத்துப் பிழைக்கும் கடுந்தண்டனை நேரலாம் என்னும் அச்சமும் சேர்ந்துகொண்டது. மருந்துக் கடைகளும் மருத்துவமனைகளும் இம்மருந்தை வைப்பதையே விட்டொழித்தன. சட்டம் வந்த பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் நாட்டில் மருத்துவத்திற்கான மார்ஃபின் பயன்பாடு 90 விழுக்காட்டிற்கும் மேல் சரிந்தது. மருந்தைக் கையாளாத ஒரு தலைமுறை மருத்துவரும் செவிலியரும் உருவாயினர்.

இந்நிலையை மாற்றும் முயற்சி கேரளத்தில் தொடங்கிற்று. 1993ஆம் ஆண்டு கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் மருத்துவர்கள் எம்.ஆர். இராஜகோபால், சுரேஷ் குமார் முதலியோர் வலி மற்றும் நோய்த் தணிப்புச் சிகிச்சைச் சங்கத்தைத் தொடங்கினர். தமிழ்நாட்டில் நோய் ஆதரவுச் சிகிச்சை என்று வழங்கப்படுவதும் இதுவே. 1998இல் மத்திய அரசு உரிம முறையை எளிமையாக்கும் மாதிரி விதியை மாநிலங்களுக்கு அனுப்பியது. தொடக்கத்திலேயே அதனை ஏற்ற மாநிலங்களுள் கேரளமும் ஒன்று. 2003ஆம் ஆண்டு திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு பாலியம் இந்தியா என்னும் தொண்டு அமைப்பு உருவாயிற்று. அதன் பயிற்சிப் பிரிவான திருவனந்தபுரம் நோய்த் தணிப்பு அறிவியல் நிறுவனம் 2012இல் உலக சுகாதார அமைப்பின் கூட்டு மையமாக ஏற்கப்பட்டது. 2008ஆம் ஆண்டு கேரள அரசு நோய்த் தணிப்புச் சிகிச்சைக்கெனத் தனிக் கொள்கையை அறிவித்தது. இந்திய மாநிலங்களுள் இதனைச் செய்த முதல் மாநிலம் அதுவே. 2014இல் நாடாளுமன்றம் 1985ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தியது. இன்றியமையாத போதை மருந்துகள் என்னும் புதிய வகுப்பு அதில் சேர்க்கப்பட்டது. மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன் உள்ளிட்ட ஆறு மருந்துகள் 2015இல் அவ்வகுப்பில் இடம்பெற்றன. அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனம் அவற்றைப் பெறுவதற்கு மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் ஒப்புதல் ஒன்றே போதும் என்னும் நிலை ஏற்பட்டது.

சட்டத்தின் கதவு திறந்தபின் மருந்து வீட்டிற்கு வந்து சேர்கிறது. வீட்டில் அதனைக் கண்காணிப்பவர் யார் என்னும் கேள்வி அப்போதுதான் எழுகிறது.

மருந்து செயற்படும் முறை

மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பணுக்களில் சில ஏற்பிகள் இருக்கின்றன. மார்ஃபின் அவற்றில் பொருந்தி, வலியைப் பற்றிய செய்தி மேலே செல்வதைத் தடுக்கிறது. இதே ஏற்பிகள் குடலிலும் உள்ளன. மூளையில் வாந்தியைத் தூண்டும் பகுதியிலும், மூச்சை நெறிப்படுத்தும் பகுதியிலும் உள்ளன. பெரும்பாலான பக்க விளைவுகளுக்கு இதுவே காரணம். வலியைத் தடுக்கும் அதே செயல் குடலின் அசைவையும் மந்தமாக்குகிறது. இக்காரணத்தை அறிந்த செவிலியர் அடுத்து எது நேரும் என்பதை முன்கூட்டியே ஊகிக்க இயலும்.

உலக சுகாதார அமைப்பு 1986ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டி, வலி நிவாரணத்தை மூன்று படிகளாக வகுத்தது. முதற்படியில் பாரசிட்டமால் போன்றவை. இரண்டாம் படியில் கோடீன் போன்ற மென்மையான அபின்வகை மருந்துகள். மூன்றாம் படியில் மார்ஃபின். கூடிய மட்டும் வாய்வழியே தருதல், கடிகாரத்தைப் பார்த்துத் தருதல், ஒவ்வொருவருக்கும் ஏற்ற அளவில் தருதல் என்பன அதன் அடிப்படை நெறிகள்.

வாய்வழி உட்கொள்ளும் சாதாரண மார்ஃபின் மாத்திரை ஏறத்தாழ அரை மணி நேரத்தில் வேலை செய்யத் தொடங்கி, நான்கு மணி நேரம் வரை பயன் தருகிறது. ஆகவேதான் நான்கு மணிக்கு ஒரு முறை தரப்படுகிறது. பொதுவாக 5 முதல் 10 மில்லிகிராம் வரையிலான அளவில் தொடங்குவது வழக்கம். முதியோருக்கும் மெலிந்தோருக்கும் அதனினும் குறைவாகத் தொடங்குவர். வலி வந்தபின் தருவது என்றில்லாமல், வலி வருவதற்கு முன்னரே அடுத்த வேளை மருந்தைத் தருவதே முறை. இடையே திடீரென வலி மேலிட்டால் தருவதற்கு ஒரு நாளைய மொத்த அளவில் ஆறில் ஒரு பங்கை மருத்துவர் குறித்துத் தருவார். இவ்விடைவேளை மருந்து எத்தனை முறை தேவைப்பட்டது என்பதைச் செவிலியர் எழுதி வைத்தால், அடிப்படை அளவை உயர்த்த வேண்டுமா என்பதை மருத்துவர் அறிய அதுவே சான்றாகும்.

மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகளும் உள்ளன. அவை பன்னிரண்டு மணி நேரம் வரை பயன் தரும். விழுங்க இயலாத நோயாளிக்கு அவற்றைப் பொடித்துக் கொடுத்தல் கூடாது. நாள் முழுவதும் சிறிது சிறிதாக வெளிப்பட வேண்டிய மருந்து ஒரே நேரத்தில் உடலில் சேர்ந்து பெருந்தீங்கு விளையும். நல்லெண்ணத்தோடு மாத்திரையை அம்மியில் நசுக்கும் குடும்பத்தாருக்கு இதனை முதல் நாளிலேயே சொல்லி வைப்பது செவிலியர் கடமையாகும்.

நீங்காத விளைவு

மார்ஃபினின் பக்க விளைவுகளை மூன்று வகையாகப் பிரித்து அறியலாம். மருந்து உள்ளவரை நீடிப்பவை, சில நாட்களில் தாமே மறைபவை, அரிதாயினும் ஆபத்தானவை. முதல் வகையில் தலையாயது மலச்சிக்கல். ஏனைய விளைவுகளுக்கு உடல் நாளடைவில் பழகிக்கொள்கிறது. இதற்கு மட்டும் பழகுவதில்லை. ஆகவே மார்ஃபின் தொடங்கும் அன்றே மலமிளக்கி மருந்தும் தொடங்கப்பட வேண்டும். பைசகோடைல், சென்னா எனப்படும் நிலவாகை முதலியன குடலின் அசைவைத் தூண்டும் வகையைச் சேர்ந்தவை. இங்கு வேண்டுவன அவையே. இசப்கோல் போன்ற உமி வகைகள் நிறைய நீர் அருந்துவோருக்கே ஏற்றவை. நீர் அருந்த இயலாத நோயாளியின் மந்தமான குடலில் அவை திரண்டு அடைத்துக்கொள்ளக் கூடும்.

செவிலியர் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டிய கேள்வி, மலம் கழிந்து எத்தனை நாளாயிற்று என்பது. கூச்சத்தால் நோயாளி இதனைத் தாமாகச் சொல்ல மாட்டார். மூன்று நாட்கள் கழியாவிடின் வயிற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும். மருத்துவரின் அறிவுரைப்படி ஆசனவாயையும் சோதிக்க வேண்டும். இதில் ஏமாற்றும் நிலை ஒன்று உண்டு. இறுகிய மலம் அடைத்து நிற்க, அதன் பக்கமாக நீர் போன்ற மலம் மட்டும் கசிந்து வரும். வீட்டார் அதனை வயிற்றுப்போக்கு என எண்ணி மலமிளக்கியை நிறுத்திவிடுவர். அடைப்பு மேலும் இறுகும். கையால் சோதித்தறியும் செவிலியர் ஒருவரே இத்தவற்றைத் தடுக்க வல்லவர். அடைப்பு உறுதியானால் எனிமாவும், தேவைப்படின் கையுறை அணிந்த விரலால் அகற்றலும் உதவும். வயிறு உப்பி, வாந்தியும் கடும் வயிற்று வலியும் சேர்ந்து வந்தால் அது குடல் அடைப்பாக இருக்கலாம். அப்போது மேலும் மலமிளக்கி தராமல் உடனே மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

மறைந்துவிடும் விளைவுகள்

குமட்டலும் வாந்தியும் தொடக்க நாட்களில் பலருக்கு ஏற்படுகின்றன. பெரும்பாலும் ஒரு வாரத்திற்குள் அவை தணிந்துவிடும். மெட்டோகுளோப்ரமைடு அல்லது சிறு அளவிலான ஹாலோபெரிடால் அந்நாட்களில் துணைபுரியும். உணவைச் சிறு சிறு அளவாகப் பிரித்துத் தருதல், எண்ணெய் தாளிக்கும் மணம் படுக்கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளுதல், வாயைக் கொப்பளிக்கச் செய்தல் ஆகிய எளிய செயல்களும் பயன் தருவன. இக்குமட்டல் சில நாட்களுக்கே என்று முன்னதாகச் சொல்லப்பட்ட நோயாளி பொறுத்துக்கொள்கிறார். சொல்லப்படாதவர், மருந்து தமக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவு செய்து விட்டுவிடுகிறார்.

உறக்க மயக்கமும் அத்தகையதே. பல நாட்கள் வலியால் கண் மூடாதவர் முதல் இரண்டு மூன்று நாட்கள் நீண்ட நேரம் உறங்குவது இயல்பு. அது மருந்தின் மயக்கமா, களைப்பின் உறக்கமா என்று பிரித்தறிதல் வேண்டும். அழைத்தால் விழித்து, தெளிவாக விடையளித்து, மீண்டும் உறங்கினால் அஞ்ச வேண்டியதில்லை. ஆயினும் இந்நாட்களில் நோயாளி எழுந்து நடக்கையில் ஒருவர் துணை நிற்க வேண்டும். இரவில் கழிப்பறை செல்லும் வழியில் விழுந்து எலும்பு முறிதல், புற்றுநோய் எலும்பைப் பற்றியவருக்கு எளிதில் நேரக்கூடியதாகும்.

வாய் வறட்சிக்கு அடிக்கடி சிறிது நீரும், மென்மையான துணியால் நாவைத் துடைத்தலும் போதுமானவை. அரிப்பு சிலருக்கு உண்டாகும். தடிப்பும் மூச்சுத் திணறலும் சேர்ந்தாலன்றி அதனை ஒவ்வாமை எனக் கொள்ளுதல் சரியன்று. முதிய ஆடவருக்குச் சிறுநீர் தடைப்படலாம். அமைதியின்றிப் புரளும் முதியவரின் அடிவயிற்றைத் தொட்டுப் பார்க்காமல், வலி என்று கருதி மருந்தை மிகுதியாக்குவது தவறு. நிறைந்த சிறுநீர்ப்பையே அவ்வமைதியின்மைக்குக் காரணமாக இருக்கக் கூடும்.

ஆபத்தின் அறிகுறிகள்

மருத்துவ மாணவரும் செவிலியரும் மார்ஃபினைக் கண்டு அஞ்சுவதற்குக் காரணம் மூச்சுத் தளர்ச்சி. வலிக்கு ஏற்ப, வாய்வழியே, சிறிது சிறிதாக அளவை உயர்த்தித் தரும்போது இது மிகவும் அரிது. எனினும் அறிந்திருக்க வேண்டிய வரிசை ஒன்று உண்டு. மூச்சு தளர்வதற்கு முன் உறக்கம் ஆழ்ந்து செல்லும். அழைத்தும் தொட்டும் எழுப்ப இயலாமை முதல் எச்சரிக்கை. கண்ணின் பாவை ஊசிமுனைபோல் சுருங்குதல், மூச்சு நிமிடத்திற்கு 8க்கும் கீழாகக் குறைதல், உதடு நீலம் பாய்தல் ஆகியவை அடுத்து வருவன. பாவை சுருங்கியிருப்பது மட்டும் தீங்கின் அடையாளமன்று. மருந்து உட்கொள்வோர் பலரிடமும் அது காணப்படும். உறக்கத்தின் ஆழமும் மூச்சின் எண்ணிக்கையுமே முக்கியமானவை. ஆகவே மூச்சை ஒரு நிமிடம் முழுவதும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்குதல் இங்கு போதாது.

கை கால்கள் திடீரெனத் துள்ளுதல், பொருந்தாப் பேச்சு, இல்லாத பொருள் கண்ணுக்குத் தோன்றுதல் ஆகியனவும் மருந்து மிகுந்துவிட்டதைக் காட்டுவன. இவற்றிற்குப் பெரும்பாலும் காரணமாவது சிறுநீரகம். கல்லீரலில் மாற்றமடையும் மார்ஃபினின் கூறுகள் சிறுநீர் வழியே வெளியேறுகின்றன. அவற்றுள் ஒன்று மார்ஃபினைப் போலவே வலிமையாகச் செயற்படுவது. வாந்தியாலோ நீர் அருந்தாமையாலோ சிறுநீர் குறைந்தால் இக்கூறுகள் உடலில் தேங்குகின்றன. நேற்றுவரை சரியாக இருந்த அதே அளவு இன்று மிகையாகிவிடுகிறது. ஆதலால் எத்தனை முறை சிறுநீர் கழித்தார் என்னும் கேள்வி மருந்தைப் பற்றிய கேள்வியே ஆகும்.

இத்தகைய நிலையில் அடுத்த வேளை மருந்தை நிறுத்தி வைத்து, நோயாளியைத் தட்டி எழுப்பி, மூச்சுவிடத் தூண்டி, மருத்துவரை உடனே அழைக்க வேண்டும். மார்ஃபினின் செயலை முறிக்கும் மருந்து நலோக்சோன். நெடுநாள் மார்ஃபின் உட்கொண்டவருக்கு இதனை நீர்த்து, சிறு அளவாக, மூச்சைக் கவனித்தபடியே தருவர். முழு அளவையும் ஒரே நேரத்தில் செலுத்தினால் அடங்கியிருந்த வலி அனைத்தும் ஒரு நொடியில் திரும்பி நோயாளி கதறுவார். நலோக்சோனின் பயன் மார்ஃபினைவிட விரைவில் தீர்ந்துவிடும். ஆகவே ஒரு முறை தெளிந்தபின்னும் பல மணி நேரம் அருகிருந்து பார்த்தல் இன்றியமையாதது.

துணை மருந்துகள்

மார்ஃபின் பெரும்பாலும் தனித்துத் தரப்படுவதில்லை. பாரசிட்டமால் அளவு மீறினால் கல்லீரலைக் கெடுக்கும். கடையில் தனியே வாங்கிய காய்ச்சல் மாத்திரையிலும் அதே மருந்து இருக்கலாம் என்பதை வீட்டார் அறிவதில்லை. டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் ஆகியவை வயிற்றில் புண்ணையும் குருதிக் கசிவையும் உண்டாக்கக் கூடும், சிறுநீரகத்தையும் தாக்கும். மலம் தார்போல் கறுத்தால் உடனே தெரிவிக்கச் சொல்ல வேண்டும். டெக்சாமெத்தசோன் குருதியின் சர்க்கரையை உயர்த்தும். வாயில் வெண்படலத்தைத் தோற்றுவிக்கும். மாலையில் உட்கொண்டால் உறக்கத்தைக் கெடுக்கும். காலையில் உணவுக்குப் பின் தருவதே ஏற்றது. தூக்க மாத்திரைகளும் மதுவும் மார்ஃபினோடு சேர்ந்தால் மூச்சுத் தளர்ச்சி நேரும் வாய்ப்பு பெருகுகிறது. எனவே நோயாளி வேறு என்னென்ன உட்கொள்கிறார் என்பதைத் தலையணை அடியிலுள்ள பொட்டலங்கள் வரை பார்த்து அறிதல் வேண்டும்.

அச்சமும் உண்மையும்

வீட்டிற்குச் செல்லும் செவிலியரிடம் குடும்பத்தார் தாழ்ந்த குரலில் கேட்கும் கேள்விகள் இரண்டு. "சிஸ்டர், இது போதை மருந்துதானே?" என்பது ஒன்று. "இதைக் கொடுத்தால் முடிவு நெருங்கிவிட்டது என்று பொருளா?" என்பது மற்றொன்று. விடை தெளிவாகவும் பொறுமையாகவும் அமைய வேண்டும். போதைக்கு அடிமையாதல் என்பது, தீங்கு விளைந்தும் இன்பத்திற்காக மருந்தை நாடி அலைதல். வலிக்காக, வரையறுத்த அளவில், கண்காணிப்போடு உட்கொள்ளும் நோயாளிக்கு அந்நிலை அரிதாகவே நேர்கிறது. ஆனால் உடல் மருந்துக்குப் பழகுவது உண்மை. திடீரென நிறுத்தினால் வியர்வை, வயிற்று வலி, அமைதியின்மை முதலியன தோன்றும். கதிர்வீச்சுச் சிகிச்சையால் வலி நீங்கியபின் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிடலாம். மருந்து தரப்படுவது வலியின் கடுமையைக் கருதியேயன்றி, வாழ்நாளின் எஞ்சிய அளவைக் கருதியன்று.

மருந்து தவறான கைக்குச் செல்லும் என்னும் அச்சம் அரசு அலுவலரிடமும் இருந்தது. இதற்குக் கேரள அனுபவமே விடையாயிற்று. கோழிக்கோட்டு மையத்தில் வீட்டில் வைத்து வாய்வழி மார்ஃபின் உட்கொண்ட 1,723 நோயாளிகளைப் பற்றிய இரண்டாண்டு ஆய்வு 2001ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் வெளியாயிற்று. மருந்து தவறாகப் பயன்பட்டதாகவோ வெளியே கடத்தப்பட்டதாகவோ ஒரு நிகழ்ச்சியும் அதில் காணப்படவில்லை. இந்நற்பெயரைக் காப்பதும் செவிலியரின் கையில் உள்ளது. மாத்திரைகளை எண்ணிக் கொடுத்தல், எஞ்சியவற்றை எண்ணிப் பார்த்தல், குழந்தைகளுக்கு எட்டாத பூட்டிய இடத்தில் வைக்கச் செய்தல், நோயாளி மறைந்தபின் மிச்சத்தை மையத்திற்குத் திரும்பப் பெறுதல் ஆகியவை சிறு செயல்களாயினும் பெரும் பயன் உடையவை.

வீட்டு வாயிலில் செவிலியர்

2008ஆம் ஆண்டின் கொள்கைக்குப் பின் கேரளத்தில் உள்ளாட்சி மன்றங்கள் வீட்டுப் பராமரிப்புத் திட்டங்களை ஏற்றன. நோய்த் தணிப்புச் சிகிச்சையில் பயிற்சி பெற்ற சமுதாயச் செவிலியர் ஒருவர், ஆஷா பணியாளருடனும் உள்ளூர்த் தொண்டருடனும் படுக்கையில் உள்ளோரின் வீடுகளுக்குச் செல்கிறார். ஆரம்ப சுகாதார நிலையம் இக்குழுவிற்கு ஆதாரமாக நிற்கிறது. திருவனந்தபுரம் மாவட்டத்தின் ஊராட்சிகளிலும் இம்முறை நடைபெறுகிறது.

இவ்வருகையின்போது செவிலியர் கேட்டறிய வேண்டியவற்றைச் சுருக்கமாகக் கூறலாம். வலி எங்கே, எவ்வளவு, எப்போது மிகுகிறது. பத்து விரல்களைக் காட்டி இதில் எத்தனை எனக் கேட்டால் எழுத்தறியாதவரும் விடை சொல்வர். உறக்கம் எப்படி, மலம் கழிந்தது எப்போது, சிறுநீர் எத்தனை முறை, குமட்டல் உண்டா, பேச்சில் குழப்பம் உண்டா, எத்தனை மாத்திரைகள் எஞ்சியுள்ளன. எளிய கேள்விகள் போன்று தோன்றும் இவை, மருத்துவரின் அடுத்த முடிவிற்கு அடித்தளமாகின்றன. விடைகளை நாளிட்டு எழுதி வைத்தல் வேண்டும். மருந்து தரும் முதிய மனைவிக்கோ பள்ளி செல்லும் மகளுக்கோ படிக்க இயலாதெனில், காலைக்குச் சூரியனும் இரவுக்குப் பிறையும் வரைந்த அட்டை உதவும். புண்ணைக் கழுவி மருந்திடுவதற்கு அரை மணி நேரம் முன்னதாக இடைவேளை மாத்திரையைத் தரச் செய்தால், அவ்வேலை நோயாளிக்குத் துன்பமாக இராது.

எதிர்பாராத அல்லது கடுமையான விளைவுகளைப் பதிவு செய்வதும் செவிலியர் கடமையே. 2010ஆம் ஆண்டு மத்திய அரசு இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. அதன் தேசிய ஒருங்கிணைப்பு மையம் 2011 முதல் காஜியாபாத்திலுள்ள இந்திய மருந்துத் தரநூல் ஆணையத்தில் இயங்குகிறது. மருத்துவக் கல்லூரிகளில் உள்ள கண்காணிப்பு மையங்கள் வழியாகவோ, 1800-180-3024 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணிலோ எவரும் தகவல் தரலாம். மருத்துவரே எழுத வேண்டும் என்பதில்லை; செவிலியரும் நோயாளியும் தெரிவிக்கலாம். மருந்தே காரணம் என்பது உறுதியாக வேண்டுவதில்லை, ஐயமே போதுமானது.

ஆற்ற வேண்டிய பணி

2017ஆம் ஆண்டு வெளியான லான்செட் ஆணைய அறிக்கை, உலகில் ஓராண்டில் வழங்கப்படும் அபின்வகை வலி மருந்து, மார்ஃபின் அளவில் கணக்கிட்டால், ஏறத்தாழ 298.5 டன் என்றும், மிக வறிய நாடுகளுக்குச் செல்வது அதில் வெறும் 0.1 டன் என்றும் காட்டியது. மருந்தின் விலை இதற்குக் காரணமன்று. வாய்வழி மார்ஃபின் மலிவானதே. அதனைத் துணிவோடும் எச்சரிக்கையோடும் கையாளத் தெரிந்தவர் இன்மையே பெருங்குறை.

தென் தமிழகத்திலிருந்து திருவனந்தபுரம் சென்று திரும்பும் நோயாளியை எண்ணிப் பார்த்தால் இக்குறை விளங்கும். மையத்தில் தரப்பட்ட மாத்திரை அவரோடு நாகர்கோவிலுக்கோ அதற்கப்பாலுள்ள சிற்றூருக்கோ வந்து சேர்கிறது. நான்காம் நாள் வயிறு கட்டிக்கொள்ளும்போது பார்ப்பதற்கு அருகில் ஒரு செவிலியர் வேண்டும். தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிற்கே சென்று நோய் ஆதரவுச் சிகிச்சை அளிப்பதும் ஒரு கூறாகச் சேர்க்கப்பட்டிருப்பது வரவேற்கத்தக்கது. அப்பணியாளர்கள் மார்ஃபினின் இயல்பையும் அதன் பக்க விளைவுகளையும் ஐயமறக் கற்றிருந்தால், எல்லை கடந்து வரும் மருந்து பயனின்றிப் போகாது.

மருந்தியல் பாடத்தில் பக்க விளைவுகளின் பட்டியல் மனப்பாடத்திற்கு உரியதாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. தேர்வு முடிந்ததும் அது மறந்துபோகிறது. மலம் கழிந்ததா என்னும் கேள்வியையும், ஒரு நிமிடம் முழுவதும் மூச்சை எண்ணும் பழக்கத்தையும் பயிற்சிக் காலத்திலேயே கைவரச் செய்தால் அப்பட்டியல் உயிர் பெறும். வலியின்றி உறங்கும் உரிமை எளியோர்க்கும் உண்டு. அவ்வுரிமையைச் சட்டம் வழங்கலாம், அரசு மருந்தை அனுப்பலாம். அதனை ஒவ்வோர் இரவும் காத்து நிற்பது செவிலியரின் அறிவும் கவனமுமே ஆகும்.